கால்நடை மருத்துவமனைக்குப் போன மாணவி: ஒரு தொழில் அறிமுகத் திட்டத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

இது ஒரு மேல்நிலைப் பள்ளியின் தொழில் அறிமுகத் திட்டத்தில் நடந்தது. நான் அதன் ஒருங்கிணைப்பாளர். யார் என்று கண்டுபிடிக்க உதவும் விவரங்களை நீக்கிவிட்டு, சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

பள்ளிப் படிப்பு முடிய இன்னும் இரண்டு ஆண்டு இருக்கும் மாணவர்கள் வாரத்தில் ஒரு பிற்பகல் ஒரு பணியிடத்துக்குப் போவார்கள். ஒரு பருவம் முழுக்க அதே இடம்தான். அங்கே வேலை பார்க்கும் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். மாணவர் ஒரு குறிப்பேடு எழுதுவார். பள்ளியில் ஓர் ஆசிரியர் அதைப் படித்து, மாதம் ஒருமுறை அவரோடு உட்கார்ந்து பேசுவார். திட்டம் அவ்வளவுதான்.

எதற்கு இந்த மெனக்கெடல் என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாக ஒரு கணக்கைச் சொல்வதுண்டு. பல நாடுகளின் பள்ளி மாணவர்களை ஒப்பிடும் பீசா (PISA) என்ற பன்னாட்டு ஆய்வில், 2018-ஆம் ஆண்டு, 15 வயதுப் பிள்ளைகளிடம் 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டார்கள். 41 நாடுகளின் பதில்களைத் தொகுத்துப் பார்த்தால், பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் வெறும் 10 வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். அந்த வயதுப் பிள்ளைக்கு மருத்துவரையும் ஆசிரியரையும் தெரியும். மருத்துவருக்குப் பின்னால் இயங்கும் இருபது வேலைகளைத் தெரியாது. தொழில் தேர்வு பற்றி உளவியலாளர் லிண்டா காட்ஃபிரெட்சன் 1981-இல் முன்வைத்த கோட்பாடு இதற்கும் ஒரு படி முன்னால் போகிறது. பிள்ளைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே கழித்துக்கட்டத் தொடங்கிவிடுகிறார்கள்: ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் ‘இது ஆண் வேலை, இது பெண் வேலை’ என்று, அதற்கப்புறம் ‘இது மதிப்பான வேலை, இது மதிப்பில்லாதது’ என்று. நம்மிடம் வந்து சேரும்போது பாதிப் பட்டியல் ஏற்கெனவே அடிபட்டுப் போயிருக்கும்.

இந்த மாணவிக்கு அப்போது 16 வயது. சின்ன வயதிலிருந்தே கால்நடை மருத்துவர் ஆகப்போவதாகச் சொல்லி வந்தவர். தொழில் ஆர்வங்களை ஆறு வகையாகப் பிரித்த உளவியலாளர் ஜான் ஹாலண்டின் வகைப்பாட்டை வைத்து நடத்தும் ஆர்வச் சோதனையில் ஆராய்ச்சி சார்ந்த வகை முதலில் வந்தது, கைவேலை சார்ந்தது இரண்டாவது, பிறருக்கு உதவும் வகை அதையொட்டி மூன்றாவது. கால்நடை மருத்துவத்தோடு இது ஒத்துப்போகிறது என்று எல்லோரும் திருப்தி அடைந்தார்கள். ஒத்துப்போகிறதுதான். ஆனால் இதே மூன்றும் வேறு பல வேலைகளோடும் ஒத்துப்போகும். அம்மாவுக்கு மகளின் விருப்பத்தில் ஆட்சேபம் இல்லை. அப்பாவுக்கு மனித மருத்துவம்தான் முதல் விருப்பம். கால்நடை என்றாலும் சரி என்ற அளவுக்கு இறங்கி வந்திருந்தார்.

இடம் தேர்வும் முதல் நிபந்தனைகளும்

ஒரு சிறிய கால்நடை மருத்துவமனை சம்மதித்தது. அதை நடத்தும் பெண் மருத்துவரே வழிகாட்டி. அவருக்கு உதவியாக அனுபவமுள்ள ஒரு டெக்னீஷியன்.

18 வயதுக்குட்பட்டவர்களை ஆபத்தான வேலையில் ஈடுபடுத்தக் கூடாது என்பது பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 1973-ஆம் ஆண்டு 138-ஆவது உடன்படிக்கையின் அடிப்படை. பயிற்சி என்ற பெயரில் போனாலும் உடம்பு அதே உடம்புதானே. எனவே எக்ஸ்ரே எடுக்கும்போது அந்த அறையில் இருக்கக் கூடாது, ஊசி, கத்தி எதையும் தொடக் கூடாது, தடுப்பூசி விவரம் தெரியாத விலங்கைப் பிடிக்கக் கூடாது, மயக்க மருந்து இருக்கும் பக்கம் போகக் கூடாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கினோம். மருத்துவர் படித்துப் பார்த்துவிட்டு, “இதெல்லாம் இல்லாமல் அவள் இங்கே என்னதான் செய்வாள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. பக்கத்தில் நின்று பார்க்கட்டும், அதுவே நிறையக் கற்றுக்கொடுக்கும் என்பதுதான் அப்போது திட்டத்தில் இருந்த பதில்.

முதல் சில வாரங்கள்

மாணவி நேரத்துக்கு வந்தார். பரிசோதனை அறையின் மூலையில் நின்றார். மருத்துவர் நன்றாக விளக்குபவர். ஒவ்வொரு விலங்கையும் பார்த்து முடித்ததும் இரண்டு நிமிடம் பேசுவார். மாணவி தலையாட்டினார். குறிப்பேட்டில் இப்படி இருந்தது: “இன்று 4 நாய், 2 பூனை. ஒரு பூனைக்குக் காதில் புண். டாக்டர் நன்றாக விளக்கினார்.” அடுத்த வாரமும் கிட்டத்தட்ட அதுவே, எண்ணிக்கை மட்டும் மாறியிருந்தது.

முதல் மாதப் பேச்சில் மருத்துவர் சொன்னது: மரியாதையான பெண், ஆனால் ஒதுங்கியே நிற்கிறாள், கேள்வியே கேட்பதில்லை. இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். கூச்சம் என்றால் காலப்போக்கில் சரியாகும். ஆர்வம் இல்லை என்றால் ஆகாது. வெளியிலிருந்து பார்க்கையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். மாணவியைக் கேட்டால் “நல்லா இருக்கு மேடம்” என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

குறிப்பேட்டையும் வேலையையும் மாற்றியது

இரண்டு மாற்றங்கள் செய்தோம்.

ஒன்று, குறிப்பேட்டுக் கேள்வி. ‘இன்று என்ன கற்றாய்?’ என்று கேட்டால் ஆசிரியருக்குப் பிடித்த பதில்தான் வரும். அதை எடுத்துவிட்டு, ‘யாரும் பார்க்கச் சொல்லாமல் நீயாக எதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்?’ என்று கேட்டோம். கூடவே, ‘இன்று செய்ததில் நாளையும் செய்யச் சொன்னால் எதைச் செய்வாய்?’

இரண்டாவது, அவர் பொறுப்பில் ஒரு வேலை. 1977-இல் தன்னம்பிக்கை பற்றி எழுதிய உளவியலாளர் ஆல்பர்ட் பந்தூரா, ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம் நான்கு வழிகளில் வருகிறது என்றார்: தானே செய்து பார்ப்பது, பிறர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், அந்த நேரத்தில் உடலும் மனமும் இருக்கும் நிலை. இதில் வலுவானது தானே செய்து பார்ப்பது. நாங்கள் அதுவரை கொடுத்திருந்ததெல்லாம் இரண்டாவதும் மூன்றாவதும். அதனால் கழுவி முடித்த, கூர்மையில்லாத கருவிகளைப் பொதிந்து ஆட்டோகிளேவில் வைப்பதற்குத் தயார் செய்வதும், அதற்கான பதிவேடும், டெக்னீஷியனின் மேற்பார்வையில் அவரிடம் கொடுக்கப்பட்டன.

ஆட்டோகிளேவ் என்பது நீராவியை அழுத்தத்தில் அடைத்துக் கிருமி நீக்கும் இயந்திரம். அழுத்தம் ஏறினால்தான் நீராவி 121 டிகிரி செல்சியஸுக்குப் போகும். அங்கே குறிப்பிட்ட நேரம் நின்றால்தான் கிருமி அழியும். பொதியின் மேல் ஒரு டேப் ஒட்டுவார்கள். சூடு பட்டதும் அதில் கறுப்புக் கோடுகள் தெரியும். கறுத்துவிட்டது, அப்படியானால் சுத்தம் என்று நினைப்பது எளிது. டேப் சொல்வது, பொதியின் வெளிப்புறம் சூட்டைப் பார்த்தது என்பதை மட்டும்தான். உள்ளே நீராவி போனதா என்று அறிய பொதிக்குள் தனியாக ஒரு பட்டை வைக்க வேண்டும். அதுகூடப் போதாது என்பதால், லேசில் சாகாத ஒருவகை பாக்டீரிய வித்துகளை அவ்வப்போது உள்ளே வைத்து, அவை செத்தனவா என்று சோதிப்பார்கள். டெக்னீஷியன் இதைச் சொல்லிக்கொடுத்த வாரம் குறிப்பேட்டில் முதல் முறையாக ஒரு பக்கம் முழுதாக நிரம்பியிருந்தது. கடைசி வரி ஒரு கேள்வி: “வெளியே கறுத்து உள்ளே கறுக்காவிட்டால் யாருடைய தப்பு, மெஷினா, கட்டியவரா?”

கருத்து வேறுபாடு தொடங்கிய நாள்

சில வாரங்களில் அந்த இயந்திரத்தில் அழுத்தம் சரியாக ஏறவில்லை. கதவைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் தேய்ந்திருந்தது. அதை மாற்ற சர்வீஸ் ஆள் வந்த அதே பிற்பகலில், ஒரு பூனையின் கால் எலும்பு முறிவுக்குத் தகடு பொருத்தும் அறுவை சிகிச்சை இருந்தது. மருத்துவர் மாணவியைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்க அழைத்திருந்தார். அரிதாகக் கிடைக்கும் வாய்ப்பு. இதற்காகவே நேரத்தை மாற்றி வைத்திருந்தார்.

மாணவி கொஞ்ச நேரம் கண்ணாடி அருகே நின்றார். அப்புறம் பின்னறைக்குப் போய், சர்வீஸ் ஆள் வேலை முடித்துக் கிளம்பும் வரை அங்கேயே இருந்தார். பழைய வளையத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அன்றைய குறிப்பில் அதன் குறுக்குவெட்டு படம், எந்தப் பக்கம் தட்டையாகியிருந்தது என்ற குறிப்பு, வளையம் கசிந்தால் வெப்பநிலை ஏன் ஏறாது என்று அவரே எழுதிய விளக்கம். பூனையைப் பற்றி ஒரு வரி.

மருத்துவருக்கு மனம் கொஞ்சம் வருத்தம்தான். அவர் முடிவு: இவளுக்கு இந்தத் தொழில் ஒத்துவராது. வகுப்பாசிரியர், உடனே வேறு இடத்துக்கு மாற்றுங்கள், இவள் என்ஜினியரிங் பக்கம் போக வேண்டிய பெண் என்றார். வீட்டில் அப்பா, பிள்ளையைத் திசைதிருப்பாதீர்கள் என்றார். மூவரும் ஒரே பிற்பகலை வைத்துத் தீர்ப்பு சொன்னார்கள்.

நான் மூன்றையும் ஏற்கவில்லை. காரணம் குறிப்பேட்டிலேயே, மூன்று வாரம் முந்தைய பக்கத்தில், இருந்தது. வயதான நாய் ஒன்றைக் கருணைக் கொலைக்குக் கொண்டு வந்தவர், முடிந்ததும் வரவேற்பறையில் கழுத்துப்பட்டையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மாணவி எதிரே நின்றிருக்கிறார். “என்ன சொல்வதென்று தெரியவில்லை. தண்ணீர் கொடுக்கலாமா என்று யோசித்தேன். அதற்குள் அவர் போய்விட்டார்.” இதற்கு அடுத்த வாரம்தான் பின்னறையில் அதிக நேரம் இருக்கத் தொடங்கியிருக்கிறார்.

அப்படியானால் அவர் இயந்திரத்தை நோக்கிப் போகிறாரா, மனிதர்களின் துயரத்திலிருந்து விலகிப் போகிறாரா? பிடித்துப் போவதற்கும் தப்பிப் போவதற்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான். இரண்டிலும் பிள்ளை பின்னறையில்தான் இருப்பாள். தப்பிப்பதைப் ‘புதிய ஆர்வம்’ என்று பெயர் சூட்டி அதை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுத்தால், நான்கு ஆண்டு கழித்து அதே துயரம் வேறு வாசலில் வந்து நிற்கும்.

எடுத்த முடிவு

ஒரே இடத்தில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்கு விடை காண முடியாது. இயந்திரம் இருக்க வேண்டும், துயரமும் அருகில் இருக்க வேண்டும், ஆனால் சூழல் வேறாக இருக்க வேண்டும். ஒரு பொது மருத்துவமனையின் மருத்துவக் கருவிகள் பராமரிப்புப் பிரிவில் அடுத்த பருவத்துக்கு இடம் கேட்டோம். கிடைத்தது.

அதே சமயம் கால்நடை மருத்துவரோடு உறவைத் துண்டிக்கவில்லை. வழிகாட்டி உறவுகளைப் பற்றி ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஓராண்டு அல்லது அதற்கு மேல் நீடித்த உறவுகளில்தான் பிள்ளைகளுக்கு அதிகப் பலன். சீக்கிரமே முறிந்தவற்றில் பிள்ளைகளின் நிலை சில விஷயங்களில் முன்பைவிட மோசமானது. திட்டம் நடத்துபவர்கள் இதைச் சுவரில் ஒட்டி வைக்கலாம். ‘சரிவரவில்லை, வேறு ஆளைப் பார்க்கலாம்’ என்பது பெரியவர்களுக்கு நிர்வாக முடிவு. அந்தப் பக்கம் இருக்கும் 16 வயதுக்கு ‘நான் வேண்டாதவள்’ என்று கேட்கும். எனவே மருத்துவரும் மாணவியும் மாதம் ஒருமுறை சந்தித்துப் பேசுவதாக ஏற்பாடு. மருத்துவரிடம் ஒன்றை மட்டும் கேட்டுக்கொண்டேன்: கால்நடை மருத்துவத்துக்கு ஆள் சேர்க்க வேண்டாம், கருணைக் கொலை செய்த நாட்களை நீங்கள் எப்படிக் கடந்தீர்கள் என்று சொல்லுங்கள்.

‘நீ என்ஜினியர்’ என்று மாணவியிடம் யாரும் சொல்வதில்லை என்றும் முடிவு செய்தோம். தொழில் வளர்ச்சியை ஆராய்ந்த உளவியலாளர் டொனால்ட் சூப்பர் வகுத்த வாழ்க்கைக் கட்டங்களில் தேடிப் பார்க்கும் கட்டமே 15-இலிருந்து 24 வயது வரை ஓடுகிறது. முதல் ஆண்டிலேயே முத்திரை குத்த என்ன அவசரம்?

இரண்டாவது பணியிடம்

பராமரிப்புப் பிரிவின் வழிகாட்டி அதிகம் பேசாதவர். வந்த முதல் நாளே ஒரு வரிசை இன்ஃப்யூஷன் பம்புகளைக் காட்டி, நோயாளியோடு இணைக்காத நிலையில் எப்படிச் சோதிப்பது என்று ஒருமுறை செய்து காட்டினார். நரம்பு வழியாக மருந்தைச் சொட்டுச் சொட்டாகச் செலுத்தும் கருவி அது. மணிக்கு இத்தனை மில்லிலிட்டர் என்று வைத்து, குறிப்பிட்ட நேரம் ஓடவிட்டு, அளவுக்குழாயில் உண்மையில் எவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டும். வித்தியாசம் வரம்புக்குள் இருந்தால் தேதி எழுதிய ஸ்டிக்கர். இல்லாவிட்டால் தனி மேசை. பிறகு அடுத்த பம்ப்.

குறிப்புகள் முதலில் நீண்டன, சீக்கிரமே சுருங்கின. “இன்றும் பம்ப். பாதி நேரம் பேப்பர் வேலை.” எனக்கு இது நல்ல செய்தியாகவே பட்டது. எந்தத் தொழிலிலும் பெரும்பகுதி இப்படித்தான், பதிவேடு, சோதனைப் பட்டியல், உதிரிபாகம் எப்போது வரும் என்று போன். ஒருநாள் சுற்றுலாவாகப் போகும் பிள்ளைகளுக்கு இந்தப் பகுதியைக் காட்டாமல் மினுக்கும் பகுதியை மட்டும் காட்டி அனுப்புகிறோம். அலுக்கிறதா என்று கேட்டதற்கு மாணவி ஆமாம் என்றார். விட்டுவிடலாமா என்றதற்கு, “வேண்டாம் மேடம், அளவு தப்பா வர்ற ஒரு பம்பையாவது பார்க்கணும்” என்றார்.

பக்கத்து மேசையில் இரண்டு ஆண்டு முன்பு வேலைக்குச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் இருந்தார். பெயரளவில் வழிகாட்டி அவர் இல்லை. ஆனால் மாணவி உண்மையான கேள்விகளை ‘அக்கா’ என்று அவரிடம்தான் கேட்டார்: இதற்கு என்ன படிக்க வேண்டும், இரவில் கூப்பிடுவார்களா, கூட வேலை செய்யும் ஆண்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள். எங்கள் படிவத்தில் இவருக்கு இடமே இல்லை. காட்ஃபிரெட்சன் சொல்லும் அந்தக் கழித்தலைத் திருப்பிப் போடுவதற்கு இவர் அந்த மேசையில் உட்கார்ந்திருந்ததே உதவியது என்று நினைக்கிறேன், அவர் என்ன அறிவுரை சொன்னார் என்பதைவிட.

தேடிய விடை தற்செயலாகக் கிடைத்தது. சரிசெய்த ஒரு மானிட்டர் இன்னும் வரவில்லை என்று ஒரு நர்ஸ் நேரில் வந்து சத்தம் போட்டார். அதை எடுத்துக்கொண்டு வழிகாட்டியும் மாணவியும் வார்டுக்குப் போனார்கள். படுக்கையில் ஒரு குழந்தை. பக்கத்தில் அழுதுகொண்டு அதன் அம்மா. மாணவி வண்டியை நிறுத்தி, வயரைச் சிக்கெடுத்து நீட்டி, நர்ஸ் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்த அம்மாவிடம் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொள்ளும்படி கேட்டு, உட்கார உதவிவிட்டு வந்திருக்கிறார். விலகி ஓடவில்லை.

மாதப் பேச்சில் கழுத்துப்பட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்த அந்த நாளையும் இந்த வார்டு நாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டோம். அவர் பதில்: “அங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. சும்மா நின்றுகொண்டு ஒருவர் அழுவதைப் பார்ப்பது தப்பு மாதிரி இருந்தது. இங்கே கையில் வேலை இருந்தது.”

ஆக, இயந்திரமா துயரமா என்ற எங்கள் கேள்வியே முழுசாகச் சரியில்லை. அவரைப் பின்னறைக்குத் தள்ளியதில் ஒரு பங்கு, மூலையில் நிற்க வைத்த எங்கள் ஏற்பாட்டுக்கும் உண்டு. பார்வையாளருக்குப் பங்கு கிடையாது. பங்கில்லாதவர்தான் இருப்பதிலேயே சங்கடமான இடத்தில் நிற்கிறார்.

பின்னர் நடந்தவை

விடுமுறையில் மாணவி கால்நடை மருத்துவமனைக்குத் திரும்பிப் போகக் கேட்டார். இந்த முறை வரவேற்பறையில் வேலை: விலங்கை எடை பார்ப்பது (பிடிப்பது உரிமையாளர்), விவரம் எழுதுவது, காத்திருப்பவர்களிடம் இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று சொல்வது. மருத்துவர் தன் முதல் மதிப்பீட்டை மாற்றிக்கொண்டார். இவளால் இந்தத் தொழிலையும் செய்ய முடியும் என்றார். அதாவது இரண்டு கதவும் திறந்தே இருந்தன, தேர்ந்தெடுப்பது முன்பைவிடக் கடினமானது. அது நல்ல கடினம்.

அப்பாவோடு பேசுவது எளிதாக இல்லை. பராமரிப்புப் பிரிவைப் பார்க்க வரச் சொன்னோம். முதலில் மறுத்தார், பிறகு வந்தார். ரிப்பேர் வேலை என்று அவர் மனதில் இருந்த படம் அங்கே கொஞ்சம் மாறியது. முழுக்க இல்லை. மாணவி கணிதம், இயற்பியலோடு உயிரியலையும் விடாமல் படித்தார். மருத்துவக் கருவிப் பொறியியலுக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் இரண்டுக்கும் விண்ணப்பித்தார். இரண்டிலும் இடம் கிடைத்தது. முதலாவதில் சேர்ந்திருக்கிறார். மின்னணுவியல் பாடம் கஷ்டமாக இருப்பதாகவும், ஆய்வகம் பிடித்திருப்பதாகவும் எழுதியிருந்தார். படிப்பை முடிப்பாரா, அந்த வேலைக்கே போவாரா என்பதெல்லாம் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே. ஒரே ஒரு மாணவியின் கதை இது; எல்லோருக்கும் பொருத்திப் பார்க்கக் கூடாது. அதே ஆண்டு சட்ட அலுவலகத்துக்குப் போன ஒரு மாணவன், போகும்போது சொன்னதையே வரும்போதும் சொன்னான், கொஞ்சம் அதிக விவரத்தோடு. அதுவும் ஒரு விளைவுதான்.

தொழில் வழிகாட்டுதலை ஆராய்ந்த ஜான் கிரம்போல்ட்ஸும் உடன் எழுதியவர்களும் 1999-இல் ‘திட்டமிட்ட தற்செயல்’ என்று ஒன்றைச் சொன்னார்கள்: எதிர்பாராதது நடக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளும் இடத்தில் ஆளை வைப்பதுதான் வழிகாட்டுதல். ரப்பர் வளையம் தேய்ந்ததை நாங்கள் திட்டமிடவில்லை. ஆனால் பதிவேடு அவர் கையில் இல்லாதிருந்தால் அழுத்தம் ஏறாததை அவர் கவனித்திருக்க வாய்ப்பே இல்லை.

திட்டத்தில் மாற்றியவை

இப்போது எந்த இடத்துக்கு அனுப்பினாலும் முதல் நாளே மாணவருக்கென்று ஒரு வேலை இருக்க வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் அவர் வராவிட்டால் யாராவது கவனிக்கிற வேலை. பணியிடம் அப்படி ஒன்றைச் சொல்ல முடியாவிட்டால் அந்த இடத்தை எடுப்பதில்லை. இதனால் சில நல்ல இடங்களை இழந்திருக்கிறோம்.

மரணம், அழுகை, கோபம் வரக்கூடிய இடங்களுக்குப் போகும் முன் அதைப் பற்றி மாணவரோடு பேசிவிடுகிறோம்: அந்த நேரத்தில் நீ எங்கே நிற்க வேண்டும், என்ன செய்யலாம், எப்போது வெளியே போய்விடலாம். தண்ணீர் கொடுக்கலாமா என்று ஒரு பிள்ளை தனியாக யோசித்து நிற்கக் கூடாது.

குறிப்பேட்டுக் கேள்விகள் மாற்றியபடியே தொடர்கின்றன. ஒரு பிற்பகலின் குறிப்பை வைத்து முடிவெடுப்பதில்லை என்பதும் எழுத்தில் இருக்கிறது. புதிதாக ஓர் ஆர்வம் தெரிந்தால், அது வேறொரு சூழலில் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் வீட்டாரிடம் பேசுகிறோம். படிவத்தில் வழிகாட்டிக்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தோம்: ‘அங்கே நீ அதிகம் கேள்வி கேட்பது யாரிடம்?’ அவரையும் ஆண்டு இறுதிப் பேச்சுக்கு அழைக்கிறோம். சர்வீஸ், அளவுத் திருத்தம், கணக்கு முடிப்பு மாதிரி நாட்கள் எப்போது வருகின்றன என்று பணியிடங்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைக்கிறோம். அந்த நாட்களில்தான் தொழிலின் உள்பக்கம் தெரிகிறது.

தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. அந்தப் பொது மருத்துவமனை, காப்பீட்டு விதிகளைக் காரணம் காட்டி, 18 வயதுக்குட்பட்டவர்களைப் பராமரிப்புப் பிரிவுக்குள் விடுவதை நிறுத்திவிட்டது. பழுதடைந்து கழித்த பம்புகள் சிலவற்றைப் பள்ளி ஆய்வகத்துக்குத் தரச் சம்மதித்திருக்கிறார்கள். சோதனையை அங்கே வைத்துச் செய்யலாம். நர்ஸ் வந்து சத்தம் போடுவதற்கும் வார்டுக்கு நடந்து போவதற்கும் ஈடாக ஆய்வகத்தில் என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.